வார்கிராஃப்ட் 3 எடிட்டர்: என் மேப்பில் ஒழுங்காக ஓடும் ஹீரோ நண்பன் மேப்பில் ஏன் இப்படிச் செய்கிறான்?

மண்கோட்டை எழுதியது:

வணக்கம். நானும் என் நண்பனும் வார்கிராஃப்ட் 3 கேமோடு வரும் மேப் எடிட்டரில் ஆளுக்கொரு அரீனா மேப் (ஹீரோக்கள் மோதும் களம்) செய்துகொண்டிருந்தோம், இப்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பேச்சு. அவன் மேப்பில் நிலம், கடைகள், ஐட்டம், நான்கைந்து ஹீரோ எல்லாம் தயார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஹீரோ, ஆனால் அவனுடைய அபிலிட்டி (சிறப்புச் சக்தி) எல்லாமே ட்ரிகர் ('இது நடந்தால் அதைச் செய்' என்ற கட்டளைகள்) வைத்து எழுதியவை, அதனால் விட மனசில்லை.

இரண்டு மேப்பையும் ஒரே எடிட்டரில் திறந்தேன். என் ட்ரிகர் ஃபோல்டரை காப்பி செய்து அவன் மேப்பில் ஒட்டினேன். அப்புறம் யூனிட், அபிலிட்டி விவரங்கள் இருக்கும் ஆப்ஜெக்ட் எடிட்டருக்குப் போய் ஹீரோ, அபிலிட்டிகள், டம்மி யூனிட் (ட்ரிகர் தற்காலிகமாக உருவாக்கும் துணை யூனிட்) எல்லாவற்றையும் ஒட்டினேன். சேவ் ஆனது, எரர் எதுவும் வரவில்லை.

டெஸ்ட் செய்தால் என் ஹீரோ 'இடிமழை' போடுகிறான், மனா குறைகிறது, கூல்டவுன் ஓடுகிறது, வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நண்பனுடைய பூசாரி ஹீரோ அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு 'குணமாக்கு' போட்டான், அடிபட்டவன் தலையில் இடி விழுந்து அவன் செத்தான். அதை விடுங்கள், இன்னொரு ஹீரோ ஏதோ ஒன்றைப் போட்டவுடன் மைதானத்தின் நடுவில் ஒரு மருந்துக்கடை முளைத்து, இரண்டு விநாடி நின்று, தானே இடிந்து விழுந்தது. அது நண்பன் செய்த கடை. என் ட்ரிகரில் கடை என்ற பேச்சே கிடையாது.

எடிட்டர் பதிப்பு 1.26. யாராவது சொல்லுங்கள், இல்லையென்றால் ஹீரோவை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.


லான்வயர் எழுதியது:

அந்த மருந்துக்கடையை நீக்காதே, அதற்காகவே நான் அந்த மேப்பை விளையாடுவேன் 😂

இவ்வளவு சுற்ற வேண்டாம் ப்ரோ. உன் மேப்பில் ஆப்ஜெக்ட் எடிட்டரில் ஃபைல் மெனுவுக்குப் போய் எல்லா டேட்டாவையும் எக்ஸ்போர்ட் செய், நண்பன் மேப்பில் இம்போர்ட் செய். குறியீடு எல்லாம் அப்படியே வரும். அதற்குப் பிறகு ட்ரிகரை ஒட்டு, வேலை முடிந்தது.


பழைய_ஆர்க் எழுதியது:

மண்கோட்டை, மேலே சொன்னதைச் செய்துவிடாதே. செய்வதாக இருந்தால் முதலில் நண்பன் மேப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். இம்போர்ட் என்பது இருக்கும் டேட்டாவோடு சேர்ப்பது இல்லை, இருப்பதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உன்னுடையதை வைப்பது. அவன் செய்த கடையும் ஐட்டமும் நான்கு ஹீரோவும் காணாமல் போகும். காலி மேப்புக்குள் கொண்டுபோக அது அருமையான வழி, லான்வயர் அப்படித்தான் பயன்படுத்தியிருப்பார். இரண்டு பக்கமும் சரக்கு இருக்கும்போது அது ஆகாது.

இப்போது உன் மருந்துக்கடைக்கு வருவோம். எடிட்டருக்கு 'இடிமழை' என்ற பெயர் முக்கியமே இல்லை, அதற்குத் தெரிவது நான்கு எழுத்துக் குறியீடு மட்டும். ஆப்ஜெக்ட் எடிட்டரைத் திறந்து கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்து, பெயர்கள் இருந்த இடத்தில் குறியீடுகள் தெரியும், மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நீ செய்த முதல் அபிலிட்டி ஏ000, அடுத்தது ஏ001, இப்படிப் போய் 9 தாண்டினால் கடைசி இடத்தில் எழுத்து வரும். யூனிட் என்றால் இனத்தைப் பொறுத்து முதல் எழுத்து. மனிதர் கூட்டத்து யூனிட்டை அடிப்படையாக வைத்தால் சின்ன ஹெச், மனித ஹீரோ என்றால் பெரிய ஹெச். ஐட்டத்துக்கு ஐ, பஃப்புக்கு (யூனிட் மேல் தற்காலிகமாக நிற்கும் விளைவு) பி, அப்கிரேடுக்கு ஆர். எல்லா மேப்பும் 000 இலிருந்துதான் எண்ணத் தொடங்கும். எல்லாத் தெருவிலும் 3ஆம் நம்பர் வீடு இருக்கிற மாதிரி, எல்லா மேப்பிலும் ஒரு ஏ003 இருக்கும்.

உன் மேப்பில் இடிமழை ஏ003 என்று வைத்துக்கொள். ட்ரிகரின் கண்டிஷனில் 'போடப்படும் அபிலிட்டி இடிமழையாக இருந்தால்' என்று உனக்குத் தெரிந்தாலும் உள்ளே எழுதியிருப்பது ஏ003 தான். அதை நண்பன் மேப்பில் ஒட்டினாய், அங்கே ஏ003 என்பது குணமாக்கு. அப்புறம் அபிலிட்டியை ஒட்டினாய், ஏ003 ஏற்கெனவே ஆள் இருக்கும் இடம் என்பதால் உன் இடிமழைக்கு வேறு ஏதோ ஒரு குறியீடு கிடைத்திருக்கும். ட்ரிகருக்கு அது தெரியாது. அதனால் உன் ஹீரோ போட்டால் ஒன்றும் நடக்காது, பூசாரி போட்டால் இடி விழும்.

கடையும் அதே கதைதான். உன் டம்மி ஹெச்000 ஆக இருந்திருக்கும். நண்பன் மனிதர் கூட்டத்துக் கடையான ஆர்க்கேன் வால்ட்டை வைத்துக் கடை செய்திருந்தால் அதுவும் ஹெச்000. ட்ரிகர் 'ஹெச்000 ஒன்றை உருவாக்கு, இரண்டு விநாடி ஆயுள் கொடு' என்கிறது. கடை வந்தது, இரண்டு விநாடியில் செத்தது. ட்ரிகர் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

சேவ் செய்யும்போது எரர் வராததற்கும் இதுதான் காரணம். குறியீடு இல்லாமல் இருந்தால் எங்காவது இடறும். இங்கே குறியீடு இருக்கிறது, தப்பான ஆளுடையது.

ட்ரிகரைத் திறந்து கண்டிஷன் வரியைப் பார், 'குணமாக்கு' என்றே எழுதியிருக்கும்.


மண்கோட்டை எழுதியது:

அண்ணா, பார்த்தேன். 'குணமாக்கு' என்று பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. என்னுடைய இடிமழைக்கு ஏ00எஃப் கிடைத்திருக்கிறது. டம்மி உருவாக்கும் வரியில் 'நாட்டு மருந்துக்கடை' என்று நிற்கிறது.

அப்படியென்றால் எதை முதலில் ஒட்ட வேண்டும்? வரிசை ஏதாவது இருக்கிறதா?


பழைய_ஆர்க் எழுதியது:

இருக்கிறது. யாரை யார் நம்பி இருக்கிறார்கள் என்று பார்த்து, யாரையும் நம்பாதவனிலிருந்து தொடங்கு. நண்பன் மேப்பின் சுத்தமான பிரதியை எடுத்துக்கொள், இப்போது ஒட்டியதை அழித்துத் துடைத்துக்கொண்டிருப்பதைவிட அது சுலபம்.

மாடல், ஐகான் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த ஃபைல்கள் முதலில், இம்போர்ட் மேனேஜர் வழியாக. அடுத்து பஃப்கள். பஃப் யாரையும் நம்பி இல்லை, அபிலிட்டிதான் பஃப்பை நம்பி இருக்கிறது. பிறகு அபிலிட்டிகள், டம்மி போடும் அபிலிட்டியையும் சேர்த்து. அதில் பஃப் என்ற கட்டத்தைத் திறந்து, புதிதாக ஒட்டிய பஃப்பைக் கையால் தேர்ந்தெடு. அதற்கடுத்து டம்மி யூனிட், பிறகு ஹீரோ. ஹீரோவின் ஹீரோ அபிலிட்டி கட்டத்திலும் அதே வேலை, பழைய குறியீடு அங்கே யாரைக் காட்டுகிறது என்று பார்த்து மாற்று. ஏதாவது அபிலிட்டி யூனிட்டை வரவழைப்பதாக இருந்தால் அது மட்டும் வட்டமாகச் சுற்றும், யூனிட்டை ஒட்டிய பிறகு அபிலிட்டிக்குத் திரும்பிப் போய் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

ட்ரிகர் எப்போதும் கடைசி. ஒட்டுவதற்கு முன் ஃபைல், பிரிஃபரன்சஸ், ஜெனரல் பக்கத்தில் ட்ரிகர் ஒட்டும்போது தெரியாத வேரியபிளை (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) தானே உருவாக்கும் ஒரு டிக் இருக்கிறது, அது போட்டிருக்கிறதா பார். ஒட்டியவுடன் ஒவ்வொரு ட்ரிகரையும் திறந்து, அபிலிட்டி, யூனிட், பஃப் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்து மாற்று. சோம்பல்பட்டால் மறுபடி கடை முளைக்கும்.

ரீஜன்களை (மேப்பில் பெயர் வைத்து வரையும் பகுதிகள்) மறந்துவிடாதே. ட்ரிகர் ரீஜனைப் பெயரால் தேடும். நண்பன் மேப்பில் அதே பெயரில் ரீஜன் வரைந்துவிட்டு ஒட்டு. மேப்பில் ஏற்கெனவே நிறுத்தி வைத்த யூனிட்டை ட்ரிகரில் நேரடியாகச் சொல்லியிருந்தால் அது கூட வராது, புதிய மேப்பில் யூனிட்டை நிறுத்தி ட்ரிகரில் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.


நிலவொளி எழுதியது:

ஆர்க் அண்ணா சொன்ன வரிசை சரி. ஆனால் 'ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஹீரோவுக்குப் பரவாயில்லை, பத்து ஹீரோ ஆனால் கண் எரியும். எரியாவிட்டாலும் ஒரு வரி தப்பிவிடும், அது எது என்று விளையாடும்போதுதான் தெரியும்.

நான் செய்வது: ஒவ்வொரு ஹீரோவுக்கும் 'அமைப்பு' என்று ஒரு ட்ரிகர், மேப் தொடங்கும்போது ஓடுவது. அதில் இடிமழைக்கான அபிலிட்டி வேரியபிள் ஒன்று, டம்மிக்கான யூனிட் வகை வேரியபிள் ஒன்று, சேதம், தூரம் எல்லாமே அங்கேதான். மற்ற எந்த ட்ரிகரிலும் அபிலிட்டி பெயர் நேராக வராது, வேரியபிள்தான் வரும். வேறு மேப்புக்கு எடுத்துப் போனால் அந்த ஒரு ட்ரிகரில் நான்கு வரி மாற்றினால் போதும். ஹைவ் ஒர்க்‌ஷாப்பில் (மேப் செய்பவர்கள் பகிரும் இணையதளம்) போடப்படும் ஸ்பெல்களில் நன்றாகச் செய்தவை இப்படித்தான் இருக்கும், அவற்றை யாரோ ஒருவர் தன் மேப்பில் ஒட்டப்போகிறார் என்று தெரிந்தே எழுதுகிறார்கள்.

இதில் இன்னொரு லாபம். தானே வேரியபிள் உருவாக்கும் அந்த டிக், ட்ரிகர் வரிகளில் நேராகத் தெரியும் வேரியபிளைத்தான் பார்க்கும். கஸ்டம் ஸ்கிரிப்ட் வரிக்குள் (கையால் நேராக எழுதும் கோட் வரி) யுடிஜி என்று முன்னொட்டுப் போட்டு எழுதியிருப்பது அதற்கு வெறும் எழுத்து. லீக் (பயன்படுத்திய பின்னும் நினைவகத்தில் தேங்குவது) அடைப்பதற்காக லொகேஷனை நீக்கும் வரி எல்லாரும் போடுவோம் இல்லையா, ஒரு வேரியபிள் அந்த மாதிரி வரியில் மட்டும் இருந்தால் அது உருவாகாது. சேவ் செய்யும்போது எரர் ஜன்னல் வந்து ட்ரிகரே அணைந்துவிடும். எல்லா வேரியபிளையும் ஒரே ட்ரிகரில் 'செட்' வரியாக எழுதி வைத்தால், அதை முதலில் ஒட்டினாலே எல்லாம் உருவாகிவிடும்.

அப்புறம், 'டெம்ப்' 'பாயின்ட்' 'ஐ' என்று வேரியபிளுக்குப் பெயர் வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நண்பன் மேப்பிலும் 'டெம்ப்' இருக்கும், அங்கே அது எண்ணாக இருக்கும், உங்களுடையது யூனிட்டாக இருக்கும். அதைவிட மோசம் இரண்டும் ஒரே வகையாக இருப்பது. எரரும் வராது, இரண்டு ட்ரிகர் ஒன்றின் மதிப்பை மற்றொன்று அழித்துக்கொண்டிருக்கும். ஹீரோ பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.


பழைய_ஆர்க் எழுதியது:

நிலவொளி, நீங்கள் சொல்வது புதிதாக எழுதுபவனுக்குச் சரி. இவன் கையில் இருப்பது ஏற்கெனவே எழுதிய ட்ரிகர். அமைப்பு ட்ரிகர் வைத்துத் திருப்பி எழுதச் சொன்னால் அதிலேயே நாலு புதுப் பிழை வரும். இந்த ஒரு ஹீரோவைக் கண்ணால் பார்த்துக் கொண்டுபோகட்டும், அடுத்த ஹீரோவை உங்கள் முறையில் எழுதட்டும்.


நிலவொளி எழுதியது:

நான் இப்போதே செய்யச் சொல்வேன். பழைய மேப்பில் ஹீரோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி, அங்கேயே டெஸ்ட் செய்துவிட்டு, அப்புறம் கொண்டுபோக வேண்டும். புதிய மேப்புக்குப் போன பிறகு ஒன்று உடைந்தால் மாற்றியதால் உடைந்ததா, ஒட்டியதால் உடைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர் விருப்பம்.


கோபுரக்காவல் எழுதியது:

இவ்வளவு கஷ்டப்படுகிறீர்களே. மேப் சேவ் ஆகும் டபிள்யூ3எக்ஸ் ஃபைல் என்பதே பல ஃபைல்களை அடக்கிய ஒரு எம்பிக்யூ தொகுப்பு. லாடிக்கின் எம்பிக்யூ எடிட்டர் வைத்துத் திறந்தால் உள்ளே நிலம் டபிள்யூ3இ, யூனிட் டேட்டா டபிள்யூ3யு, அபிலிட்டி டபிள்யூ3ஏ, ரீஜன் டபிள்யூ3ஆர் என்று தனித்தனியாக இருக்கும். வேண்டியதை ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட்டால் முடிந்தது. என் டவர் டிஃபென்ஸ் மேப்பில் ரீஜன் எல்லாவற்றையும் இப்படித்தான் மாற்றினேன், ஒரே மாதிரி நிலம், எழுபது எண்பது ரீஜன், கையால் வரைவதா?


பழைய_ஆர்க் எழுதியது:

ரீஜனுக்குச் சரி, ஒரே நிலம் என்பதால் அளவும் பொருந்தியிருக்கும். ஆப்ஜெக்ட் டேட்டாவுக்கு இதைச் செய்தால் ஒரு வேடிக்கை நடக்கும், அதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். யூனிட்டின் பெயர், விளக்கம் எல்லாம் டபிள்யூ3யு ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று இல்லை. பல நேரம் அங்கே ட்ரிக்ஸ்ட்ரிங் 045 என்று ஒரு சுட்டு மட்டும் இருக்கும், உண்மையான எழுத்து டபிள்யூடிஎஸ் என்ற வேறொரு ஃபைலில் 45ஆம் வரிசையில் கிடக்கும். டபிள்யூ3யு-வை மட்டும் பெயர்த்து எடுத்து வேறு மேப்பில் வைத்தால், சுட்டு அந்த மேப்பின் 45ஆம் எழுத்தைக் காட்டும். ஹீரோவின் பெயர் 'வலதுபுறக் குழுவினர் தோற்றனர்' என்று வரும், வாளின் விளக்கத்தில் மேப் செய்தவரின் வரவேற்புச் செய்தி வரும். டபிள்யூடிஎஸ்-ஐயும் சேர்த்து மாற்றினால் அந்த மேப்பின் சொந்த எழுத்துகள் போய்விடும்.

ஆப்ஜெக்ட் எடிட்டர் வழியாக எக்ஸ்போர்ட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை, எழுத்துகளை விரித்து எழுதிவிடும்.


கோபுரக்காவல் எழுதியது:

ஓ, அதனால்தானா. என் டவர் ஒன்றின் பெயர் 'சிரமம்: எளிது' என்று வந்தது, கேரக்டர் என்கோடிங் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலத்தை எடுத்துப் போக ஏதாவது நல்ல வழி உண்டா? என் கேள்வியையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.


பழைய_ஆர்க் எழுதியது:

நல்ல வழி, நிலத்தை எடுத்துப் போகாமல் இருப்பது. நிலம் எந்த மேப்பில் இருக்கிறதோ அதை 'சேவ் ஆஸ்' செய்து பிரதி எடுத்து, அதற்குள் மற்றதைக் கொண்டுவா. டைல்செட் (தரை வகை) வேறாக இருந்தாலோ மேப் அளவு வேறாக இருந்தாலோ நிலத்தைப் பெயர்ப்பது தலைவலி, அதன்மேல் மரமும் பாறையும் தனி ஃபைல், யூனிட்கள் தனி ஃபைல், நடக்கும் பாதை தனி ஃபைல். ட்ரிகரும் ஆப்ஜெக்ட்டும் எத்தனை இருந்தாலும் கணக்கு வைத்துக்கொண்டு நகர்த்திவிடலாம்.


மண்கோட்டை எழுதியது:

நிலவொளி அக்கா சொன்னபடி முதலில் என் மேப்பிலேயே அமைப்பு ட்ரிகர் வைத்து மாற்றிவிட்டேன் (ஆர்க் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது). அப்புறம் அண்ணா சொன்ன வரிசையில் ஒட்டினேன். இடிமழை இறங்குகிறது, கடை முளைக்கவில்லை. நன்றி.

புதிதாக மூன்று பிரச்சினை. ஒன்று, டம்மி எடிட்டரில் பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட பெட்டியாகத் தெரிகிறது. இரண்டு, இடிமழை ஐகான் சாதாரணமாக நன்றாக இருக்கிறது, ஆனால் எஃப்10 அழுத்தி மெனு திறந்தவுடன் பச்சைச் சதுரமாகிறது. மூன்றாவது வினோதம், ஹீரோ 10ஆம் லெவலுக்கு மேல் ஏற மறுக்கிறான், என் மேப்பில் 25 வரை போவான். ஹீரோவைத்தானே காப்பி செய்தேன்?


லான்வயர் எழுதியது:

இரண்டாவதற்கு எனக்குப் பதில் தெரியும், ஒரு புண்ணியம் தேடிக்கொள்கிறேன். ஐகானுக்கு இரண்டு ஃபைல். பிடிஎன் என்று தொடங்குவது வழக்கமான ஐகான், டிஸ்பிடிஎன் என்று தொடங்குவது மங்கலான ஐகான். மெனு திறக்கும்போது, பட்டன் செயலிழந்திருக்கும்போது எல்லாம் கேம் மங்கலானதைத் தேடும். நீ பிடிஎன்-ஐ மட்டும் கொண்டுவந்திருக்கிறாய். டிஸ்பிடிஎன்-ஐயும் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவா, ஆனால் அதன் பாதை கமாண்ட்பட்டன்ஸ் இல்லை, கமாண்ட்பட்டன்ஸ்டிஸேபிள்ட் என்ற ஃபோல்டர். இம்போர்ட் மேனேஜர் தானாக வார்3மேப்இம்போர்ட்டட் என்று முன்னால் ஒட்டிவிடும், அதை அழித்து ரீப்ளேசபிள்டெக்ஸ்சர்ஸ் என்று தொடங்கும் பாதையைக் கையால் எழுத வேண்டும்.


பழைய_ஆர்க் எழுதியது:

அருமை. முதல் பிரச்சினையும் அதன் அண்ணன் தம்பிதான். பச்சைக் கறுப்புப் பெட்டி என்றால் யூனிட்டின் மாடல் கட்டத்தில் எழுதியிருக்கும் பாதையில் ஃபைல் இல்லை. பழைய மேப்பில் நீ பாதையைத் திருத்தியிருப்பாய், புதியதில் இம்போர்ட் மேனேஜர் தன் வழக்கமான பாதையைக் கொடுத்திருக்கும். இரண்டு மேப்பின் இம்போர்ட் மேனேஜரையும் திறந்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. எடிட்டரிலாவது பெட்டி தெரிகிறது, கேமுக்குள் ஒன்றுமே தெரியாது, டம்மி என்பதால் நீ கவனிக்காமலே விட்டிருப்பாய். மாடலின் தோல் தனி ஃபைலாக இருந்தால் அதற்கும் பாதை உண்டு, அது மாடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஹீரோவுக்கு வெளி மாடல் என்றால் போர்ட்ரெய்ட் (முகப்படம்) ஃபைல் தனியாக இருக்கிறதா என்றும் பார்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. ஹீரோவின் உச்ச லெவல் ஹீரோவிடம் இல்லை, மேப்பிடம் இருக்கிறது. அட்வான்ஸ்டு மெனுவில் கேம்ப்ளே கான்ஸ்டன்ட்ஸ் திறந்து பார், எதையும் தொடாவிட்டால் அங்கே 10 தான். நீ உன் மேப்பில் 25 ஆக்கியிருக்கிறாய். அதே ஜன்னலில் ஒரு ஸ்ட்ரெங்த் புள்ளிக்கு எத்தனை உயிர், வழக்கமாக 25, ஒரு அஜிலிட்டி புள்ளிக்கு எவ்வளவு ஆர்மர், வழக்கமாக 0.3, எந்த வகை அடி எந்த வகைக் கவசத்தில் எவ்வளவு இறங்கும், லெவலுக்கு எவ்வளவு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) என்று எல்லாம் இருக்கிறது. ஹீரோவை மட்டும் கொண்டுபோனால் அவன் நண்பன் ஊர்ச் சட்டத்தின்படிதான் நடப்பான்.

இதை அப்படியே காப்பி செய்யாதே. நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது இது. நீ 25 ஆக்கினால் அவனுடைய நான்கு ஹீரோவும் 25 வரை போவார்கள், அவர்களுடைய அபிலிட்டி லெவல்கள் 10க்குக் கணக்குப் போட்டவை.


மண்கோட்டை எழுதியது:

பேசினோம், சண்டை வந்தது, 15 என்று முடிவு.

இன்னொன்று அண்ணா, என் ஹீரோ எந்த கிரீப்பை (மேப்பில் திரியும் பகை உயிர்) கொன்றாலும் அதன் பரிசுத் தங்கம் தாறுமாறாக வருகிறது. நாயைக் கொன்றால் நானூறு தங்கம்.


நிலவொளி எழுதியது:

உங்கள் ட்ரிகர்களில் யூனிட் இண்டெக்ஸர் ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு எண் கொடுத்து அதை கஸ்டம் வேல்யூவில் (ஒவ்வொரு யூனிட்டிலும் இருக்கும் ஒரு எண் கட்டம்) வைக்கும் சிஸ்டம். நண்பர் பரிசுத் தங்கத்தையும் கஸ்டம் வேல்யூவில்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு யூனிட்டுக்கு கஸ்டம் வேல்யூ ஒன்றுதான். அவர் நாய்க்கு 12 என்று எழுதுகிறார், உங்கள் இண்டெக்ஸர் அதன்மேல் 400 என்று எழுதுகிறது, அவருடைய ட்ரிகர் 400 தங்கம் கொடுக்கிறது. ஆப்ஜெக்ட் எல்லாம் சரியாகக் கொண்டுபோனாலும் இதில் மாட்டுவோம், ஏனென்றால் இது எந்தக் குறியீட்டிலும் தெரியாது.

இண்டெக்ஸரை அப்படியே விடுங்கள், அதை நம்பித்தான் உங்கள் ஹீரோ ஓடுகிறான். நண்பரின் தங்கத்தை ஒரு இன்டிஜர் அரேக்கு (எண்களின் வரிசை) மாற்றுங்கள், யூனிட்டின் கஸ்டம் வேல்யூதான் அரேயின் எண். அதாவது அவரும் உங்கள் இண்டெக்ஸரையே பயன்படுத்துகிறார். இரண்டு சிஸ்டமும் ஒரே இடத்தில் எழுதாது.


சும்மா_வந்தேன் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு ஆசை. ஹாஸ்டலில் டோட்டா என்ற வார்கிராஃப்ட் 3 மேப் விளையாடிய காலத்திலிருந்து அதில் ஒரு ஹீரோவை என் மேப்பில் வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த மேப்பை எடிட்டரில் திறந்தால் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஏதாவது டூல் இருக்கிறதா?


பழைய_ஆர்க் எழுதியது:

திறக்காததற்குக் காரணம், செய்தவர்கள் திறக்கக் கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். ட்ரிகர் எடிட்டருக்கு வேண்டிய டபிள்யூடிஜி, டபிள்யூசிடி ஃபைல்களை நீக்கிவிட்டால் கேம் ஓடும், எடிட்டருக்கு ஒன்றும் புரியாது. ஆப்ஜெக்ட் டேட்டாவையும் சில டூல்கள் எஸ்எல்கே அட்டவணையாக மாற்றிவிடும், அதை ஆப்ஜெக்ட் எடிட்டர் காட்டாது. ஒரு காலத்தில் ஆன்லைனில் விளையாடும் பேட்டில்.நெட்டில் மேப் 8 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்காகவும் இப்படிச் சுருக்குவார்கள், எல்லாம் திருட்டுப் பயம் மட்டும் இல்லை.

உடைக்கும் டூல் பற்றி நான் சொல்லப் போவதில்லை. பூட்டியதை உடைத்து எடுப்பது எனக்குப் பிடிக்காது. அதுபோக, உடைத்து வருவது மனிதர் படிக்கும் ட்ரிகராக இருக்காது, பெயர் எல்லாம் உருமாறிய ஒரே நீளமான ஸ்கிரிப்ட், அதிலிருந்து ஒரு ஹீரோவைப் பிரித்து எடுப்பதற்குள் நீயே எழுதிவிடலாம். அந்த ஹீரோ என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரியும், விளையாடியிருக்கிறாய். எடிட்டரில் இருக்கும் சேனல் என்ற வெற்று அபிலிட்டியை அடிப்படையாக வைத்து, ட்ரிகர் எழுதிப் பார், மாட்டினால் இங்கே கேள்.


லான்வயர் எழுதியது:

ஹைவ்வில் திறந்த ஸ்பெல் எவ்வளவோ கிடக்கிறது. எடுத்துக்கொள், லோடிங் ஸ்கிரீனிலோ குவெஸ்ட் பட்டியலிலோ செய்தவர் பெயரைப் போடு. அது போதும் என்றுதான் பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.


மண்கோட்டை எழுதியது:

கஸ்டம் வேல்யூ விஷயம் நிலவொளி அக்கா சொன்னது அச்சு அசலாக அதேதான், அவன் தங்கத்தை அங்கேதான் வைத்திருந்தான். அரேக்கு மாற்றியாயிற்று.

இப்போது வேறு சிக்கல். நண்பன் புது கம்ப்யூட்டரில் ரீஃபோர்ஜ்டு (கேமின் புதுப்பித்த பதிப்பு) போட்டிருக்கிறான். மேப்பை அதில் திறந்து இரண்டு மரம் நட்டு சேவ் செய்து அனுப்பினான், என் 1.26 எடிட்டர் திறக்கவே இல்லை.


பழைய_ஆர்க் எழுதியது:

திறக்காது. ரீஃபோர்ஜ்டு எடிட்டரில் சேவ் செய்தால் ஃபைல் வடிவமே மாறிவிடும், பழைய எடிட்டருக்கு அது படிக்கத் தெரியாது. பழையதைப் புதியது திறக்கும், திரும்பி வர முடியாது. இருவரும் ஒரே பதிப்புக்கு வர வேண்டும், எந்தப் பதிப்பு என்பது நீங்கள் யாரோடு விளையாடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹாஸ்டல் லானில் எல்லாரிடமும் 1.26 என்றால் அதிலேயே இருங்கள். புதியதற்குப் போவதாக இருந்தால் மேப் ஆப்ஷனில் ஸ்கிரிப்ட் மொழியை லுவாவுக்கு மாற்றிவிடாதே, உன் கஸ்டம் ஸ்கிரிப்ட் வரிகள் எல்லாம் ஜாஸ் என்ற பழைய மொழியில் எழுதியவை.

அவன் மரம் நடுவதற்கு முந்தைய பிரதி இருக்கிறதா?


மண்கோட்டை எழுதியது:

இருக்கிறது அண்ணா, நான் அனுப்பிய மெயிலிலேயே கிடக்கிறது. மரத்தை நானே நட்டுக்கொள்கிறேன், எங்கே என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.